காய்ச்சலோட காக்பிட்ல உக்காரலாமா? பாலக்கோடு வாத்தியாருக்கு ஒரு பதில்

பாலக்கோட்டுல இருந்து ஒரு வாத்தியார் கேட்டிருக்காரு. அவரு பொண்ணு ஏர்லைன்ஸ்ல கோ-பைலட்டா சேந்து எட்டு மாசம் ஆச்சாம். போன வாரம் வீட்டுக்கு வந்தப்ப நல்ல சளி, ராத்திரில காய்ச்சல் வேற. அம்மா லீவு போடுன்னாங்க, அப்பா (கேள்வி கேட்டவருதான்) "சேந்த புதுசுல லீவு போட்டா பேரு கெட்டுப்போகும், ஒரு மாத்திரைய போட்டுட்டு கெளம்பு"ன்னுட்டாரு, பொண்ணு ரெண்டு பேரு பேச்சையும் கேட்டுட்டு கடைசில ஃபோன் பண்ணி சிக்னு சொல்லிடுச்சு. இப்ப சாருக்கு ரெண்டு சந்தேகம். ஒரு சளிக்கெல்லாம் பைலட்டு லீவு போடணுமா, பஸ் டிரைவரு போடறானா? ரெண்டாவது, பேப்பர்ல பாத்தா விமானத்துல வேலை பாக்கறவங்க கூட்டங்கூட்டமா சிக் லீவு போட்டு ஃப்ளைட்டையே நிறுத்துறாங்க, அப்ப எது நெஜம் எது நடிப்பு, இதுல நியாயம்னு ஒண்ணு இருக்கா?

சார், நேராவே சொல்லிடுறேன், பாப்பா செஞ்சதுதான் சரி, நீங்க சொன்னது தப்பு. கோச்சுக்காதீங்க, நீங்க சொன்ன அதே வார்த்தைய சம்பளம் வாங்கிட்டு சொன்னவன் நானு. பெங்களூருல ஒரு ஏர்லைன்ஸ்ல க்ரூ கன்ட்ரோல்ல பதினாலு வருஷம் உக்காந்திருந்தேன், இப்ப காவேரிப்பட்டணம் பக்கம் மாந்தோப்பு பாத்துட்டு இருக்கேன். க்ரூ கன்ட்ரோல்னா என்னன்னா, எந்த ஃப்ளைட்டுக்கு எந்த பைலட்டு, எந்த க்ரூன்னு பாத்துக்கிற ரூமு. ராத்திரி மூணு மணிக்கு பைலட்டு "முடியல"ன்னு கூப்பிட்டா ஃபோனை எடுக்கிற ஆளு நான்தான். டாக்டர் இல்ல, பைலட்டும் இல்ல, ஆனா இந்த "முடியல"ங்கிற வார்த்தைய எத்தனை தினுசா சொல்லுவாங்கன்னு எனக்குத் தெரிஞ்ச அளவுக்கு யாருக்கும் தெரியாது.

மொதல்ல சளி விஷயம். ஏற்காடு போயிருப்பீங்க, இறங்கும்போது இருபது கொண்டை ஊசி வளைவுல பாதிக்கு மேல வந்ததும் காது அடைக்கும், எச்சில் முழுங்குனா "டப்"னு தொறக்கும். ஏற்காடு சுமார் 5,000 அடி, சேலம் ஆயிரத்துக்குக் கீழ, ஆக நாலாயிரம் அடி எறக்கம், அதுவும் முக்கா மணி நேரம் ஆகும். விமானம் 35,000 அடியில போனாலும் உள்ளுக்கு காத்தழுத்தத்த கூட்டி வச்சிருப்பாங்க, நம்ம ஒடம்புக்கு அது 6,000ல இருந்து 8,000 அடி மலை மேல உக்காந்திருக்கிற மாதிரி. அங்க இருந்து சென்னைக்கு எறங்குனா கடல்மட்டம் வரைக்கும், இருபது இருபத்தஞ்சு நிமிசத்துல, பாப்பா மாதிரி ஒரு நாளைக்கு நாலு செக்டார் (ஒரு ஊருல ஏறி இன்னொரு ஊருல எறங்குனா ஒரு செக்டார்) பறந்தா நாலு தடவை. (பெங்களூரு பரவால்ல, ஏர்போர்ட்டே 3,000 அடி உசரத்துல இருக்கு, எறக்கம் கம்மி.)

இதுல சூட்சுமம் என்னன்னா ஏறும்போது ஒண்ணும் தெரியாது. நடுக்காதுல இருந்து தொண்டைக்கு ஒரு சின்ன குழாய் போகுது, யூஸ்டேசியன் குழாய்னு பேரு, உள்ள இருக்கிற காத்து விரியும்போது அதுவா தள்ளிட்டு வெளிய வந்துடும். எறங்கும்போது கதை மாறிடும், வெளிய அழுத்தம் கூடுது, காத்து உள்ள போகணும், அதுக்கு அந்த குழாய் தொறக்கணும், சளி பிடிச்சு வீங்கியிருந்தா தொறக்காது. செவிப்பறை உள்பக்கமா இழுத்துக்கும், வலின்னா சாதாரண வலி இல்ல, சில பேருக்கு பறை கிழிஞ்சு ரத்தம் வரும், ரெண்டு காதுலயும் அழுத்தம் ஒரே மாதிரி இல்லன்னா தலை சுத்தும். நெத்தியில, கன்னத்துல இருக்கிற சைனஸ் பையிலயும் இதே கதைதான், கத்தி வச்சு குத்துற மாதிரி இருக்கும்னு சொல்லுவாங்க. இது எல்லாம் எப்ப வருது? லேண்டிங்குக்கு எறங்கும்போது. அதாவது பைலட்டுக்கு வேலை ஜாஸ்தியா இருக்கிற அந்த இருபது நிமிசத்துல, ரேடியோல ஒவ்வொரு வார்த்தையும் காதுல விழணும்ங்கிற நேரத்துல, காதே போயிடுது. ஏறும்போது நல்லாத்தானே இருந்தேன்னு நெனைச்சா பிரயோஜனமில்ல, மேல போயிட்டா எறங்கித்தான் ஆகணும். பஸ் டிரைவருக்கு சளின்னா மூக்க சிந்திட்டு ஓட்டுவாரு, முடியலன்னா ரோட்டோரமா நிறுத்துவாரு. அதான் சார் வித்தியாசம்.

அடுத்தது நீங்க சொன்ன மாத்திரை. இத நம்ம ஊரு பக்கம் யாரும் பெருசா எடுத்துக்கிறதில்ல, மெடிக்கல் ஷாப்புல "சளிக்கு ஒண்ணு குடுங்க"ன்னா பேப்பர்ல மடிச்சு நாலு கலர்ல குடுப்பாங்க, அதுல ஒண்ணு கண்டிப்பா தூக்கம் வர்ற ரகம். அவில், குளோர்பெனிரமின், டைஃபென்ஹைட்ரமின் இதெல்லாம் அந்த ஜாதி, சிட்ரிசின் கூட சில பேரை சாய்ச்சிடும். இதுல மோசம் என்னன்னா தூக்கம் தெளிஞ்சிட்ட மாதிரி தோணும், ஆனா கவனமும் கை வேகமும் திரும்பி வந்திருக்காது, அது நமக்கே தெரியாது. அமெரிக்காவுல விமானத்துக்கு விதி போடற எஃப்ஏஏ, டைஃபென்ஹைட்ரமின் போட்டா 60 மணி நேரம் கழிச்சுத்தான் பறக்கணும்ங்குது. ஆறு மணி நேரம் இல்ல சார், ரெண்டரை நாள். அங்கயே விபத்துகளை விசாரிக்கிற என்டிஎஸ்பி 2014ல ஒரு ஆய்வு வெளியிட்டுச்சு, விபத்துல செத்த பைலட்டுங்க ரத்தத்துல என்ன மருந்து இருந்துச்சுன்னு வருஷக்கணக்கா பாத்தது, பெரும்பாலும் சின்ன விமானம் ஓட்டுனவங்கதான், அதுல புத்திய மந்தமாக்குற மருந்துகள்ல அடிக்கடி வந்தது கஞ்சாவும் இல்ல தூக்க மாத்திரையும் இல்ல, இந்த சளி மாத்திரையில இருக்கிற டைஃபென்ஹைட்ரமின்தான்.

நம்ம நாட்டுல இன்னொரு வம்பு இருக்கு. விமான விதிகள் 1937 பிரகாரம் டூட்டிக்கு முன்னாடி 12 மணி நேரத்துக்குள்ள மதுவோ, தூக்கம் வர்ற மருந்தோ எடுத்திருக்கக் கூடாது. டூட்டிக்கு மூச்சுப் பரிசோதனை உண்டு, பிஏ டெஸ்ட்னு சொல்லுவாங்க. இருமல் சிரப்பு சிலதுல ஆல்கஹால் இருக்கு, வாய் கொப்பளிக்கிற மவுத்வாஷ்ல இருக்கு, 2023ல டிஜிசிஏ (நம்ம நாட்டு விமானத் துறைய கண்காணிக்கிற ஆபீஸ்) அந்த மவுத்வாஷையே எழுதி வச்சு தடை பண்ணிடுச்சு. மாட்டுனா மொத தடவையே மூணு மாசம் லைசென்ஸ் சஸ்பெண்ட். ஒரு மூடி சிரப்புக்கு. ஆக "ஒரு மாத்திரைய போட்டுட்டு கெளம்பு"ன்னு சொன்னது அப்பாவா பாசத்துல சொன்னது, ஆனா பாப்பா லைசென்ஸுக்கு அதவிட ஆபத்தான யோசனை இல்ல.

"உள்ள ரெண்டு பைலட்டு இருக்காங்களே, ஒருத்தருக்கு முடியலன்னா இன்னொருத்தர் ஓட்ட மாட்டாரா?" இத எங்கிட்ட கேக்காத சொந்தக்காரன் கெடையாது. ஓட்டுவாரு. 2009ல பிரஸ்ஸல்ஸ்ல இருந்து நியூவார்க் போன கான்டினென்டல் விமானத்துல கேப்டன் நடுக்கடல் மேலயே இறந்துட்டாரு, மத்த பைலட்டுங்க பத்திரமா எறக்குனாங்க. பயணிங்களுக்கு எறங்குற வரைக்கும் தெரியாது. ஆனா அப்படி பளிச்சுனு விழுந்துட்டா பரவால்ல, பக்கத்துல இருக்கிறவரு பாத்துடுவாரு. ஆளு உக்காந்தபடியே இருக்காரு, கண்ணு தொறந்திருக்கு, பேசறாரு, ஆனா புத்தி முழுசா அங்க இல்ல, அதுதான் பயங்கரம். 1972 ஜூன் 18, லண்டன்ல இருந்து கெளம்புன ட்ரைடென்ட் விமானம் ஸ்டெயின்ஸ் ஊருகிட்ட விழுந்து 118 பேர் செத்தாங்க. கேப்டனுக்கு இருதயத்துல கோளாறு, யாருக்கும் தெரியாது, அவருக்கே தெரியாது, கெளம்பறதுக்கு முன்னாடி பைலட்டுங்க ஸ்ட்ரைக் விஷயமா பெரிய வாக்குவாதம் வேற. அவரு நிலைமைய கூட இருந்தவங்க கண்டுபிடிக்கல, பக்கத்துல உக்காந்திருந்தவரு அனுபவம் கம்மியான சின்னப் பையன். அதுக்கப்புறம்தான் "ரெண்டு தடவை கூப்பிட்டு பதில் வரலன்னா அவரால முடியலன்னே வச்சுக்கோ, கன்ட்ரோல நீ எடு"ன்னு பயிற்சியிலயே சொல்லிக் குடுக்கிற பழக்கம் பரவுச்சு. பாப்பாகிட்ட கேளுங்க, சிமுலேட்டர்ல பண்ணியிருக்கும்.

பெரும்பாலும் இருதயம் எல்லாம் இல்லீங்க. பைலட்டுங்க வேலை நடுவுல முடியாம போறது எதனாலன்னு எடுத்த ஆய்வுகள்ல தொடர்ந்து மொத எடத்துல வர்றது வயித்துக்கோளாறுதான். அதான் ரெண்டு பைலட்டும் ஒரே சாப்பாடு சாப்பிட வேணாம்ங்கிற பழக்கம்.

இப்ப என் கதைக்கு வரேன், இது சொல்லாம மேல போனா நான் பெரிய யோக்கியன் மாதிரி ஆயிடும். வருஷம் வேணாம், ஒரு மழைக்காலம். காலையில மூணேகால் மணி, ஒரு எஃப்ஓ (கோ-பைலட்டுதான்) பையன் கூப்பிடறான், நாலு அம்பதுக்கு ரிப்போர்ட்டிங், சென்னை போய் அங்க இருந்து இன்னும் மூணு செக்டார். "சார், சளி, ஒரு காது அடைச்சிருக்கு, சிக் போட்டுக்கறேன்"ங்கிறான். அன்னைக்கு ஸ்டேண்ட்பை, அதாவது அவசரத்துக்கு கூப்பிட தயாரா வச்சிருக்கிற ஆளு, ரெண்டு பேரு, ரெண்டு பேரையும் ராத்திரியே வேற ஃப்ளைட்டுக்கு இழுத்தாச்சு. எனக்கு முன்னாடி ஸ்கிரீன்ல செவப்பு கட்டம் ஒண்ணு மின்னுது. நான் கேட்டது ஒரே ஒரு கேள்வி. "ரொம்ப முடியலையாப்பா?"

பாருங்க, அதுல அதட்டல் இல்ல, மெரட்டல் இல்ல, கேட்டா பரிவா கேட்ட மாதிரியே இருக்கும். ஆனா அந்த "ரொம்ப"ங்கிற ஒரு வார்த்தையில முடியலைங்கிறது மட்டும் பத்தாதுன்னு அவனுக்கு சொல்லியாச்சு. அவன் கொஞ்சம் சும்மா இருந்தான். "சென்னை மட்டும் போய் எறக்கிடு, அதுக்குள்ள அங்க ஆள் ஏற்பாடு பண்ணிடுறேன்"னேன். சரி சார்னுட்டான். அவனுக்கும் சேந்து ஒரு வருஷம்கூட ஆகல.

சென்னைக்கு எறங்கும்போது காது வலி தாங்காம கன்ட்ரோல் டவர் சொன்னத ரெண்டு தடவை விட்டுட்டான், கேப்டனே விமானத்தையும் ஓட்டிக்கிட்டு ரேடியோவையும் பாத்துக்கிட்டு எறக்கியிருக்காரு. நல்ல வெயில், நல்ல கேப்டன், ஒண்ணும் ஆகல. எறங்கினதும் காதுல இருந்து ரத்தம். மூணு வாரத்துக்கு மேல பறக்க முடியல, அப்புறம் மெடிக்கல் போர்டு, ஃபிட்னஸ் அது இதுன்னு இன்னும் கொஞ்ச நாளு. சென்னையில நான் ஏற்பாடு பண்றேன்னு சொன்ன ஆளு வந்து சேர நாலு மணி நேரம் ஆச்சு. ஒரு நாள் லீவுல முடிய வேண்டியது. இதுல வேடிக்கை என்னன்னா, மறுநாள் மீட்டிங்ல பெங்களூருல இருந்து மொத ஃப்ளைட்டு டைமுக்கு கெளம்புச்சுன்னு என்னை யாரோ பாராட்டுனாங்க. டிலே சென்னை கணக்குல ஏறிடுச்சு இல்ல.

கேப்டன் மட்டும் ஒரு வாரம் கழிச்சு ஆபீஸ்ல என்னை தனியா கூப்பிட்டு "அன்னைக்கு மூடுபனியா இருந்திருந்தா?"ன்னாரு. அவ்ளோதான் கேட்டாரு. அதுக்கப்புறம் நான் சிக் கால் வந்தா ரெண்டே கேள்விதான் கேப்பேன், எத்தனை நாளைக்கு ரோஸ்டர்ல (டூட்டி பட்டியல்ல) இருந்து எடுக்கட்டும், டாக்டரை பாத்துட்டியா. என்ன வியாதின்னு கூட கேக்கறதில்ல.

இதே மாதிரி, ஆனா ரொம்ப பெருசா ஒண்ணு அமெரிக்காவுல நடந்தது. 2009 பிப்ரவரி 12, கோல்கன் ஏர் 3407, பஃபலோ பக்கம் விழுந்து தரையில இருந்த ஒருத்தரையும் சேத்து 50 பேர் செத்தாங்க. கோ-பைலட்டு 24 வயசு பொண்ணு. வீடு சியாட்டில் பக்கம், வேலை நாட்டோட அந்தக் கோடி நியூவார்க்ல, ராத்திரி பூரா ரெண்டு விமானம் மாறி வந்து காலையில எறங்கி, பகல்ல ஏர்போர்ட்லயே நேரத்த ஓட்டிட்டு சாயங்காலம் டூட்டி. சளி வேற. காக்பிட் ரெக்கார்டர்ல தும்மல், மூக்கு உறிஞ்சறது எல்லாம் கேக்குது. அதுல அந்தப் பொண்ணு கேப்டன்கிட்ட சொல்லுது, வீட்டுல இருக்கும்போதே இப்படி இருந்திருந்தா இவ்ளோ தூரம் வந்தே இருக்க மாட்டேன், இங்க வந்தப்புறம் சிக் போட்டா சரியாகிற வரைக்கும் கைக்காசுல ஹோட்டல்ல தங்கணும்னு. எட்டு மாசம் முன்னாடி சேந்த நம்ம பொண்ணு ஒண்ணு பேசற மாதிரியே இல்ல?

ஒண்ணு நேர்மையா சொல்லணும், அந்த விமானம் விழுந்தது சளியால இல்ல. வேகம் கொறைஞ்சு விமானம் எச்சரிக்கை குடுத்தப்ப கேப்டன் விமானத்தோட மூக்கை கீழ இறக்காம மேல இழுத்ததுதான் காரணம்னு என்டிஎஸ்பி சொன்னது, அந்தப் பொண்ணோட சளி நேரடியா வேலைய பாதிச்சிருக்காதுன்னும் எழுதியிருக்காங்க, ரெண்டு பேருக்கும் களைப்பு இருந்திருக்கும், அது எவ்வளவு தூரம் காரணம்னு அளந்து சொல்ல முடியலன்னும் எழுதியிருக்காங்க. நான் இத சொல்றது எதுக்குன்னா, முடியலன்னு தெரிஞ்ச ஒரு ஆளு ஏன் காக்பிட்ல போய் உக்காந்துச்சுங்கிறதுக்கு. பயந்து இல்ல, பொறுப்பில்லாம இல்ல, ஹோட்டல் வாடகைக்கு. அதுக்கப்புறம் அமெரிக்காவுல சட்டமே மாறுச்சு, 2014 ஜனவரியில இருந்து வந்த விதியில ஒவ்வொரு ஃப்ளைட்டுக்கும் முன்னாடி "நான் ஃபிட்டா இருக்கேன்"னு பைலட்டு கையெழுத்து போடணும், முடியலன்னு சொன்னவரை கம்பெனி பறக்க விடக் கூடாது.

உலகம் பூராவுக்குமே அடிப்படை விதி அதுதான். ஐசிஏஓன்னு உலக விமானப் போக்குவரத்து அமைப்பு, அதோட விதிகள்ல முதலாம் இணைப்புல இருக்கு, தன் உடல் தகுதி கொறைஞ்சிருக்குன்னு தெரிஞ்சா லைசென்ஸ் வச்சிருக்கிறவங்க அந்த உரிமைய பயன்படுத்தக் கூடாதுன்னு. அதனால சார், ஓசூர் சிப்காட்டுல வேலை பாக்கிற நம்ம பசங்க சிக் லீவையும் இதையும் ஒண்ணா வைக்காதீங்க. அவனுக்கு இஎஸ்ஐ இருக்கு, சிக்னா வருஷத்துக்கு 91 நாள் வரைக்கும் 70 சதவீதம் சம்பளம் வரும், அது அவனோட உரிமை, எடுக்கறதும் எடுக்காம காய்ச்சலோட மெஷின்ல நிக்கறதும் பெரும்பாலும் அவன் ஒடம்பு சம்பந்தப்பட்ட விஷயம். பைலட்டுக்கு அது உரிமை மட்டும் இல்ல, கடமை. எடுக்காம போனா தப்பு. பின்னாடி உக்காந்திருக்கிற 180 பேரும் டிக்கெட்டுக்கு குடுத்த காசுல அந்த லீவுக்கும் சேத்துதான் குடுத்திருக்காங்க.

சரி, ரெண்டாவது கேள்வி, கூட்டமா லீவு போடறது. இது நெஜமாவே நடக்குது, மறைக்க வேண்டியதில்ல. 2009 செப்டம்பர்ல ஜெட் ஏர்வேஸ்ல சங்கம் ஆரம்பிச்ச ரெண்டு பைலட்டை வேலைய விட்டு எடுத்தாங்கன்னு நூத்துக்கணக்குல பைலட்டுங்க ஒரே நேரத்துல சிக்னு சொல்லி அஞ்சு நாள் தள்ளாடுச்சு. 2022 ஜூலை 2ல இண்டிகோ ஃப்ளைட்டுல பாதிக்கு மேல லேட்டு, நெறைய கேபின் க்ரூ சிக் போட்டுட்டு வேற ஏர்லைன்ஸ் ஆள் எடுப்புக்கு போயிட்டாங்கன்னு செய்தி. 2024 மே மாசம் ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ்ல நூத்துக்கும் மேல கேபின் க்ரூ சிக் போட்டாங்க, இருபத்தஞ்சு பேரை வேலைய விட்டு எடுத்தாங்க, லேபர் கமிஷனர்கிட்ட பேச்சுவார்த்தை ஆகி திரும்ப சேத்துக்கிட்டாங்க. ஜெர்மனியில 2016 செப்டம்பர் கடைசியில டியூஐஃபிளைங்கிற விமானக் கம்பெனி ஏதோ மறுசீரமைப்புன்னு அறிவிச்சுது, சாதாரணமா பத்து சதவீதம் பேர் சிக்ல இருப்பாங்க, அதுக்கடுத்த வாரம் பைலட்டுங்கள்ல 89 சதவீதம் வரைக்கும் போயிடுச்சு. பத்துல ஒம்போது பேருக்கு ஒரே வாரத்துல காய்ச்சல் வர்றதுக்கு அது என்ன டெங்கு சீசனா. அந்த கேஸு ஐரோப்பிய நீதிமன்றம் வரைக்கும் போச்சு, 2018 ஏப்ரல்ல தீர்ப்பு, கம்பெனி திடீர்னு அறிவிச்சதால வந்த வினை இது, எதிர்பாராத அசாதாரண நிலைமைன்னு சொல்லி பயணிங்களுக்கு நஷ்டஈடு குடுக்காம தப்பிக்க முடியாதுன்னு.

என் கருத்து கேட்டா, இது பேரு மாத்தி வச்ச ஸ்ட்ரைக்கு. கோரிக்கை நியாயமாவே இருக்கலாம், பல தடவை நியாயமாத்தான் இருந்திருக்கு, முறைப்படி ஸ்ட்ரைக் பண்ண போனா நோட்டீசு, தடை உத்தரவு, வேலை போயிடும்ங்கிற பயம், அதனால இந்த வழி. புரியுது. ஆனா எனக்கு கோவம் ஏன்னா, அந்த ஒரு வாரத்துக்கு அப்புறம் ஒரு வருஷத்துக்கு நெஜமா காய்ச்சல்ல படுத்தவனையும் என்ன மாதிரி ஆளுங்க சந்தேகமா கேப்பாங்க. "ரொம்ப முடியலையா"ங்கிற கேள்வி அங்கதான் பொறக்குது. சர்டிஃபிகேட் கொண்டா, கம்பெனி டாக்டரை பாரு, மாசத்துல இது எத்தனாவது தடவைன்னு கணக்கு எடுப்பாங்க. பொய் சிக்குக்கு வெல குடுக்கறது அடுத்த மாசம் சளியோட பறக்கப் போற எவனோ ஒரு புதுப் பையன்.

ஆனா கம்பெனிய விட்டுட மாட்டேன். இத்தனை ஃப்ளைட்டுக்கு இத்தனை ஸ்டேண்ட்பைன்னு ஒரு கணக்கு இருக்கு, சம்பளம் மிச்சம்னு அத சுருக்கிட்டே போவாங்க, அப்புறம் ஒருத்தன் சிக் போட்டாலே ஃப்ளைட்டு நிக்கும், நின்னா பழி சிக் போட்டவன் மேல. ஆளு பத்தல, அதான் காரணம், ஆனா அறிவிப்புல "க்ரூ வரல"ன்னுதான் சொல்லுவாங்க. நம்ம பக்கம் கல்யாணத்துக்கு ஒரே ஒரு சமையக்காரரை மட்டும் சொல்லி வச்சிட்டு அவருக்கு காய்ச்சல் வந்தா அவரையே திட்டற மாதிரி.

இன்னொண்ணு, இத வெளிய யாரும் சொல்ல மாட்டாங்க. எனக்கு வந்த சிக் கால்ல கணிசமானது வியாதி இல்ல, தூக்கம். வரிசையா மூணு ராத்திரி டூட்டி, பகல்ல தூக்கம் வரல, நாலாவது ராத்திரி கெளம்ப முடியல. "களைப்பா இருக்கு, பறக்க முடியாது"ன்னு சொல்ல முறை இருக்கு, ஆனா சொன்னா ஃபாரம், விளக்கம், ஏன் ரெஸ்டு டைம்ல தூங்கலங்கிற கேள்வி. "வயித்தால போகுது"ன்னா ஒரு கேள்வியும் கெடையாது. அப்ப எதை சொல்லுவான்? களைப்பும் தகுதிக்குறைவுதான், விதிப்படி பாத்தா அவன் பறக்காம இருந்தது சரி, சொன்ன காரணம் மட்டும் பொய். அந்தப் பொய்ய கத்துக் குடுத்தது நாங்கதான். 2024 ஜனவரியில டிஜிசிஏ டூட்டி நேர விதிகளை மாத்துச்சு, வார ஓய்வு 36 மணியில இருந்து 48 மணி, ராத்திரி லேண்டிங் ஆறுல இருந்து ரெண்டுன்னு. விமானக் கம்பெனிங்க இழுத்தடிச்சு, 2025 ஜூலை, நவம்பர்னு ரெண்டு கட்டமா வந்துச்சு, டிசம்பர்ல இண்டிகோவுக்கு பைலட்டு பத்தாம ஆயிரக்கணக்குல ஃப்ளைட்டு கேன்சல் ஆனது உங்களுக்கே தெரியும். அப்ப டிஜிசிஏ என்ன பண்ணுச்சு தெரியுமா, வார ஓய்வுக்கு பதிலா லீவை கணக்கு காட்டக் கூடாதுன்னு ஒரு வரி இருந்துச்சு, அத வாபஸ் வாங்குச்சு. அப்படின்னா லீவுல போன நாளையே ஓய்வு நாளா எழுதிக்கலாம்னு ஆயிடுச்சு. காய்ச்சல்ல படுத்து கெடந்தது ஓய்வா சார்? எனக்கு அந்த சேதிய படிச்சப்ப தோப்புல உக்காந்துட்டே கோவம் வந்துச்சு.

நீண்ட நாள் வியாதி வேற விஷயம், அதுல லைசென்ஸே போயிடுமோன்னு பயம் வரும், பயம் வந்தா மறைப்பாங்க. 2015 மார்ச் 24ல ஜெர்மன்விங்ஸ் விமானத்துல 150 பேர் செத்ததுல, அந்த கோ-பைலட்டுக்கு டாக்டர் வேலைக்குப் போகாதேன்னு எழுதிக் குடுத்த சீட்டு கிழிச்ச நெலமையில வீட்டுல கெடைச்சுது. கம்பெனிக்கு காட்டவே இல்ல. அது அபூர்வமான கேசு, மனசு சரியில்லாதவங்க எல்லாம் அப்படின்னு நெனைச்சா பெரிய பாவம். ஆனா விசாரணை அறிக்கையில, பறக்கிற தகுதி போயிட்டா வர்ற பணக்கஷ்டத்த நெனைச்சு பைலட்டுங்க வியாதிய சொல்லாம இருக்கிறதப் பத்தி எழுதியிருக்காங்க. இங்க பைலட்டு ஆகறதுக்கு நெலத்த வச்சு, வீட்டு பத்திரத்த வச்சு லோன் போடற குடும்பங்கதானே நாமெல்லாம். தவணை கட்டற நெனப்பு பாப்பாவுக்கு உள்ளுக்குள்ள ஓடிட்டே இருக்கும், நீங்க வாய தொறந்து சொல்ல வேண்டியதே இல்ல. லைசென்ஸ் போனா காசு வர்ற இன்ஷூரன்ஸ் ஒண்ணு இருக்கு, கம்பெனி போட்டிருக்கான்னு கேளுங்க, இல்லன்னா நீங்க போட்டு வைங்க.

இனி பாப்பாவுக்கு நாலு வார்த்தை, நீங்களே காட்டிடுங்க.

சிக் சொல்றதா இருந்தா சீக்கிரம் சொல்லும்மா. ராத்திரி எட்டு மணிக்கு காய்ச்சல் இருந்தா எட்டுக்கே சொல்லிடு, காலையில சரியாயிடும்னு பாத்துட்டு மூணு மணிக்கு சொல்றதுதான் எங்களுக்கு பெரிய தொல்லை. கதை சொல்லாத, மன்னிப்பு கேக்காத, "டூட்டிக்கு ஃபிட்டா இல்ல, இத்தனை நாளைக்கு எடுங்க", அவ்ளோதான் பேச்சு. யாராவது "ரெண்டு செக்டார் மட்டும்"னா "இல்ல சார், ஃபிட் இல்ல"ன்னு அதையே திரும்ப சொல்லு, அந்தப் பக்கம் இருக்கிறவனுக்கும் அது ரெக்கார்டு ஆகுதுன்னு தெரியும். மூக்க பொத்தி காத்த ஊதிப் பாரு, ரெண்டு காதும் தொறக்கலன்னா அன்னைக்கு பறக்காத, காய்ச்சல் விட்டாலும் சரி. தர்மபுரியில எந்த டாக்டர்கிட்ட போனாலும் மொத வார்த்தையே "நான் பைலட்டு"ன்னு சொல்லு, எழுதுன மாத்திரைய சாப்பிடறதுக்கு முன்னாடி கம்பெனி டாக்டருக்கு ஃபோட்டோ அனுப்பி கேளு, சீட்டை தூக்கிப் போடாத, தேதியோட வச்சுக்கோ. லேஓவர்ல வெளியூருல முடியாம போனா கைக்காசு ஆகுமா கம்பெனி குடுக்குமான்னு இப்பவே, நல்லா இருக்கும்போதே, மேனுவல்ல பாத்து வச்சுக்கோ.

சார் உங்களுக்கு ஒண்ணே ஒண்ணு. அடுத்த தடவை வீட்டுக்கு வந்து மூக்க உறிஞ்சிட்டு இருந்தா மெளகு ரசம் வச்சு குடுங்க, தூங்க விடுங்க, எத்தனை மணிக்கு டூட்டின்னு மட்டும் கேக்காதீங்க.